குர்துபாவில் நான் பார்த்து வைத்த வீடு

ஸ்பெயின் தேசத்துக் கோர்தோபா நகரத்தில் தங்குவதற்கு எந்த இடம் நல்லது என்று யாராவது என்னைக் கேட்டால் இன்றைக்கும் சொல்வேன். ரயிலடிக்கு எதிரே இருக்கிற ஓட்டல் வேண்டாம். வண்டிச் சத்தத்தில் தூங்க முடியாது. ஆற்றுப் பாலத்துக்குப் பக்கத்து விடுதியும் வேண்டாம். குளிர்காலத்தில் சுவரெல்லாம் ஈரம் ஏறும். பழைய பள்ளிவாசலுக்குப் பின்னால் இரண்டு ஆள் சேர்ந்து நடக்க முடியாத ஒரு சந்து உண்டு. அதற்குள்ளே ஒரு விதவைக் கிழவியின் வீடு. சுவரெல்லாம் பூத்தொட்டி, முற்றத்தில் கிணறு, கிணற்றடியில் ஆரஞ்சு மரம். அங்கேதான் தங்க வேண்டும். நான் அந்த ஊருக்குப் போனதில்லை. வடக்கே திருச்சி, தெற்கே மதுரை, அதற்கு மேல் எங்கேயும் போனதில்லை.

அறுபதுகளின் தொடக்கம் அது. திண்டுக்கல் பேகம்பூரில் எங்கள் வீடு. என் வீட்டுக்காரரும் அவருடைய அண்ணனும் சேர்ந்து தோல் ஷாப்பு நடத்தினார்கள். ஆட்டுத்தோலைச் சுண்ணாம்பில் ஊறப்போட்டு, ஆவாரம்பட்டைத் தண்ணீரில் பதனிட்டு மெட்ராசுக்கு அனுப்புகிற இடத்துக்கு எங்கள் ஊரில் ஷாப்பு என்றுதான் பெயர். அண்ணனை நான் பெரிய மச்சான் என்பேன். அவர் மனைவியை அக்கா என்று கூப்பிடுவேன். அவர்களுக்கு வரிசையாகப் பிள்ளைகள். எல்லோருக்கும் மேலே என் மாமியார். கல்யாணமாகி ஆறு வருஷம் ஆகியும் எனக்குப் பிள்ளை இல்லை.

எனக்கு இருந்தது இங்கிலீஷ். என் அத்தா வேடசந்தூரில் மளிகைக்கடை வைத்திருந்தார். ஊர் ஜமாஅத்தில் நாலு பேர் முகம் சுளித்தும் கேட்காமல், திண்டுக்கல்லில் கன்னியாஸ்திரீகள் நடத்திய பள்ளிக்கூடத்தில் என்னை விடுதியில் சேர்த்து எஸ்.எஸ்.எல்.சி. வரை படிக்க வைத்தார். புகுந்த வீட்டில் அதை ஒரு அங்கக் குறை மாதிரித்தான் வைத்திருந்தார்கள். "இங்கிலீஷ் பெத்துப் போடுமா?" என்று மாமியார் ஒருமுறை வந்தவர்கள் முன்னாலேயே கேட்டார். வந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். அழுதால் அதற்கும் ஒரு பேச்சு வரும்.

அப்படி இருக்கும்போதுதான் மெட்ராஸ் தரகர் மூலமாக அந்தச் செய்தி வந்தது. கோர்தோபாவில் தோல்பை செய்கிற ஒரு கம்பெனிக்கு எங்கள் ஆட்டுத்தோல் பிடித்துப்போயிருக்கிறது. நேரில் வந்து பேசினால் வருஷா வருஷம் எடுப்பார்கள். அந்த ஊரில் இங்கிலீஷ் தெரிந்த ஏஜெண்ட் ஒருவர் இருந்தார். தங்குவதற்கு மூன்று இடம் எழுதி, எது வேண்டும் என்று கேட்டிருந்தார். கடிதத்தைப் படித்துச் சொல்ல வீட்டில் என்னைத் தவிர ஆள் இல்லை.

"இங்கேரு புள்ள, நீயும் வாரே," என்றார் என் வீட்டுக்காரர், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கை கழுவிக்கொண்டே. "அங்கன போயி எனக்காக யாரு இங்கிலீஷ் பேசுவா? நீதேன் பேசணும்."

"மாமி என்ன சொல்வாகளோ?"

"அத நான் பாத்துக்கிறேன். தங்குற எடத்த நீயே பாத்து முடிவு பண்ணு. எனக்கு அதெல்லாம் வெளங்காது."

அன்றைக்கு அவர் பொய் சொல்லவில்லை என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். பிறகுதான் அது பொய்யானது. எந்த நாளில் ஆனது என்று எனக்குத் தெரியாது.

அதற்கப்புறம் நாலைந்து மாதம் எங்கள் வீட்டில் அதே பேச்சு. மஃரிப் தொழுகை முடிந்ததும் கூடத்தில் பாய் விரித்து எல்லோரும் உட்காருவார்கள். நான் கதவோரம் நின்று ஏஜெண்டின் கடிதத்தைத் தமிழில் சொல்வேன். அந்த வீட்டில் நான் பேச மற்றவர்கள் வாய் மூடிக் கேட்டது அந்த நாட்களில்தான்.

"குர்துபா நம்மாளுக ஆண்ட ஊருல்ல?" என்பார் பெரிய மச்சான். அவர் கோர்தோபாவைக் குர்துபா என்றுதான் சொல்வார், மதரஸாவில் கேட்ட பெயர். "பள்ளிவாசலுக்குப் பக்கத்துல எடம் எடு. தம்பி அஞ்சு வேளையும் அங்க தொழுதுக்கிருவான்."

அந்தப் பள்ளிவாசல் எப்போதோ மாதா கோயிலாகிவிட்டது என்று பள்ளிக்கூடத்து வெள்ளைக்கார சிஸ்டர் எனக்குச் சொல்லியிருந்தார். அவரிடமிருந்து படம் போட்ட ஒரு புத்தகம் வாங்கி வந்து வைத்திருந்தேன். உள்ளே தூண் தூணாக, காடு மாதிரி இருந்தது. மாதா கோயில் ஆன விஷயத்தை நான் வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் பயணமே நின்றுவிடுமோ என்று பயம்.

"பன்னி திங்கிற ஊரு," என்பார் மாமியார். "அவளுக ஆக்குன சட்டியில ஆக்கித் திம்பியா நீ?"

அதையும் எழுதிக் கேட்டேன். பதில் வந்தது. கிழவி சொன்னதை ஏஜெண்ட் அப்படியே எழுதியிருந்தார்: நாங்கள் இருக்கிற வரைக்கும் அந்த இறைச்சி அவள் அடுப்படிக்குள் வராது; எங்களுக்கென்று புதுச் சட்டி வாங்கி வைப்பாள். கடிதம் எழுதுகிறது மனைவி நான்தான் என்று சொல்லி, கிணற்றுத் தண்ணீர் நல்ல தண்ணீரா என்றும் கேட்டிருந்தேன். பேகம்பூரில் எங்கள் கிணறு ஷாப்புத் தண்ணீர் இறங்கிக் காவி நிறத்தில் கரிக்கும். குடிக்கத் தண்ணீர் வண்டியில்தான் வரும். அதனால் கேட்டேன். அந்தக் கேள்வி கிழவிக்குப் பிடித்துப் போயிற்றாம். இதுவரை அந்த அறைக்கு வந்தவர்கள் யாரும் கிணற்றைப் பற்றிக் கேட்டதில்லையாம். தண்ணீர் இனிக்கும், முதல் வாளி உனக்குத்தான் என்று சொல்லச் சொன்னாளாம். ஆரஞ்சு பழுத்திருக்கும், ஆனால் கசக்கும், பார்க்கத்தான் அழகு, உனக்காகப் பறிக்காமல் வைக்கிறேன் என்றும் சொன்னாளாம். என்னிடம் அந்த மாதிரிப் பேசுகிறவர்கள் பேகம்பூரில் யாரும் இருக்கவில்லை. ரயிலடி ஓட்டலும் பாலத்தடி விடுதியும் அதோடு என் மனசை விட்டுப் போய்விட்டன. கிழவி வீட்டையே பிடித்து எழுதினேன்.

குளிருக்கு ஒரு கோட்டு வேண்டும் என்று சிஸ்டர் சொன்னார். அவரே காகிதத்தில் வெட்டிக் கொடுத்த அளவை வைத்து நாகல் நகர் தையல்காரரிடம் தடித்த காப்பி நிறக் கம்பளித் துணியில் தைத்தேன். வீட்டுக்குக் கொண்டு வந்து போட்டுப் பார்த்தபோது மாமியார், "தொரசானி வந்துட்டா பாரு," என்றார். அக்கா மட்டும் பக்கத்தில் வந்து கோட்டின் கையைத் தொட்டுப் பார்த்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. உடனே அடுப்படிக்குப் போய்விட்டார். பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ எப்போது எடுப்பது என்று வீட்டுக்காரரிடம் கேட்டேன். "மெட்ராசுல எடுத்துக்கலாம், என்ன அவசரம்," என்றார்.

ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்த நேரம், வடமதுரையிலிருந்து மூன்று பெண்கள் வந்தார்கள். தூரத்துச் சொந்தம் என்று மாமியார் சொன்னார். நன்னாரி சர்பத் கலக்கித் தட்டில் வைத்துக் கொண்டு போனேன். அவர்களில் வயதான அம்மாள் தம்ளரை எடுக்காமல் என்னைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தாள்.

"நீதேன் மூத்தவளா?"

"இல்லைங்க, நான் சின்னவ. மூத்தவ அக்கா. அடுப்படியில இருக்காக."

அவள் பக்கத்தில் இருந்தவளைப் பார்த்துச் சிரித்தாள். "நான் அதக் கேக்கலத்தா. எங்க மாப்பிள்ளைக்கு மூத்தவ நீதானான்னு கேட்டேன்."

தட்டைக் கீழே வைத்தேன். ஒரு சொட்டுச் சிந்தவில்லை. அது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. மாமியாரைப் பார்த்தேன். அவர் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். நிறுத்தவில்லை.

"மூத்தவதான்," என்றார் அவர்களிடம். "வாயத் தொறக்க மாட்டா. உங்க புள்ளைக்கு ஒரு தொந்தரவும் இருக்காது."

அவர்கள் போகும் வரை அடுப்படியில் நின்றேன். அக்கா கறி வதக்கிக்கொண்டிருந்தார். "உங்களுக்கு எப்பத் தெரியும்?" என்று கேட்டேன். "நோன்புக்கு முன்னாடியே," என்றார். "சொன்னா என்னைய வெரட்டிருவேன்னு மாமி சொல்லிட்டாகத்தா." நோன்பு முடிந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. நோன்பு மாதத்தையும் சேர்த்து அந்த மூன்று மாதமும் நான் கூடத்துக் கதவோரம் நின்று கிணற்றையும் ஆரஞ்சு மரத்தையும் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். எல்லோரும் தெரிந்துகொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

வீட்டுக்காரர் ஷாப்பிலிருந்து வந்து சாப்பிட உட்கார்ந்தார். சோறு போட்டேன், வெஞ்சனம் வைத்தேன். பிறகு கேட்டேன்.

"வடமதுரைக்காரக சொன்னது நெசமா?"

அவர் சோற்றைப் பிசைந்தார். பதில் சொன்னது மாமியார்தான்.

"நெசந்தேன். பதினெட்டு வயசுப் புள்ள, மண்டிக்காரர் மக. மார்க்கத்துல எடம் இருக்கு, எவனும் களவாங்கல. ஒன்னைய யாரு போகச் சொன்னா? ஒரு மூலையில கெட."

நான் அவரைப் பார்க்காமல் வீட்டுக்காரரையே பார்த்துக் கேட்டேன். "அப்ப ஸ்பெயினுக்கு?"

"அவளக் கூட்டிட்டுப் போறேன்," என்றார். "கல்யாணம் முடிச்ச கையோட போனா நல்லதுன்னு அம்மா நெனைக்கிறாக. அவ பேருக்குப் பாஸ்போர்ட்டு எல்லாம் ஆயிருச்சு. இங்கிலீஷ் பேச மெட்ராஸ் தரகரோட ஆளு கூட வாராரு." கொஞ்சம் தண்ணீர் குடித்தார். என்னை ஆறுதல்படுத்துகிற மாதிரி, குரலை இறக்கிச் சொன்னார்: "நீ எழுதுன அந்தக் கெழவி வீட்டுலதான் தங்கப் போறோம். வேற எடம் பாக்கல. நல்லாப் பாத்து எடுத்திருக்கே."

அவர் என்னை அடித்திருந்தால்கூட அத்தனை வலித்திருக்காது.

மறுநாள் வேடசந்தூருக்கு பஸ் ஏறினேன். அத்தா கடையில் இருந்தார். என்னை உள்ளே கூட்டிப்போய், முழுவதும் கேட்டார். அழுதார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஒனக்குக் கீழ ரெண்டு பொம்பளப் புள்ளைக இருக்குகம்மா," என்றார். சாயங்கால பஸ்ஸில் அவரே என்னைக் கொண்டுவந்து விட்டார். பெரிய மச்சானுடன் உட்கார்ந்து டீ குடித்தார். கிளம்பும்போது என் மாமியாரிடம், "ஏதாவது தப்பாப் பேசிருந்தா மன்னிச்சுக்கங்க," என்றார். என்னைப் படிக்க வைக்க ஊரையே எதிர்த்துக்கொண்ட மனுஷன்.

கிளம்புகிற தேதியை ஏஜெண்டுக்கு எழுத வேண்டியிருந்தது. பெரிய மச்சான் காகிதத்தை என் முன்னால் வைத்தார்.

"வக்கீல் குமாஸ்தாகிட்ட எழுதிக்கங்க," என்றேன்.

"அவன் எழுதுறது அவனுக்கே புரியாது. நீயே எழுது. இந்த வீட்டுச் சோத்தத்தானே திங்கிறே?"

எழுதினேன். சோற்றுக்காக என்று அவர் நினைத்திருப்பார். கிழவி புதுச் சட்டி வாங்கி வைத்துவிட்டு ஆள் வருகிற நாள் தெரியாமல் காத்திருப்பாளே என்றுதான் எழுதினேன். 'கணவனும் மனைவியும் வருகிறார்கள்' என்று போட்டேன். அது பொய் இல்லை. கீழே வழக்கம்போல் வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டார்.

நிக்காஹ் வடமதுரையில் நடந்தது. பெண்ணுக்குக் கொண்டுபோன சீர்த்தட்டுகளில் ஒன்றை என் தலையில் வைத்தார்கள். மூத்தவள் மனசு கோணாமல் வந்தாள் என்று ஊர் சொல்ல வேண்டுமாம். தெருவில் பெண்கள் வாசலுக்கு வந்து பெண்ணைப் பார்ப்பதற்கு முன்னால் என்னைப் பார்த்தார்கள்.

புறப்படுவதற்கு முந்தின நாள் மாமியார் என் பீரோவைத் திறந்து கோட்டை எடுத்தார். புதுப்பெண் என்னைவிட ஒல்லி, குள்ளம். நாகல் நகர் தையல்காரரை வீட்டுக்கே வரவழைத்தார்கள். அவருக்கு விஷயம் தெரியாது. "யாருக்கும்மா சின்னதாக்கணும்?" என்று என்னைக் கேட்டார். நான் அந்தப் பெண்ணைக் காட்டினேன். அவர் அவளையும் என்னையும் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு தையலைப் பிரித்தார். பொத்தானை எப்படிப் போடுவது என்று அவளுக்குச் சொல்லிக் கொடுக்கச் சொன்னார்கள். போட்டுவிட்டேன். என் விரல் பட்டபோது அவள் நடுங்கினாள். நான் அடிப்பேன் என்று யாரோ சொல்லி வைத்திருந்தார்கள்.

மூன்று மாதம் கழித்துத் திரும்பி வந்தார்கள். அதற்குள் என் சாமான்களை ஷாப்புச் சாக்குகள் கிடக்கிற பின்கட்டு அறைக்கு மாற்றியாகிவிட்டது. ஒரு மத்தியானம் எல்லோரும் தூங்கும்போது அந்தப் பெண் அங்கே வந்து வாசலில் நின்றாள்.

"அக்கா, ஒண்ணு கேக்கவா? வைய மாட்டீகளே?"

"கேளு."

"அங்க ஒரு கெழவி வீட்டுல இருந்தோம். போன அன்னைக்கு அது ஓடி வந்து என்னையக் கட்டிப் பிடிச்சு நெத்தியில முத்தங் குடுத்துச்சு. கையப் புடிச்சு இழுத்துட்டுப் போயி ஒரு வாளித் தண்ணி எறைச்சு, மொத என் கையிலதான் ஊத்துச்சு. ஏதோ நெறையப் பேசுச்சு. நான் முழிச்சேன். 'இவதானே எழுதுனா?'ன்னு கெழவி கேக்குதுன்னு தரகர் ஆளு சொன்னாரு. மச்சான் ஆமான்னு சொல்லிட்டாக. நான் எதையும் எழுதலையே? எனக்குக் கையெழுத்துகூட வராதே? மச்சான்கிட்டக் கேட்டா, பேசாம இருன்னுட்டாக."

சாக்கைத் தள்ளி அவளுக்கு உட்கார இடம் கொடுத்தேன்.

"அப்புறம் அந்தக் கெழவிக்குச் சந்தேகம் வந்துருச்சு போல. ஒருநாள் பேனாவும் தாளும் என் முன்னாடி வச்சுச்சு. நான் சும்மா பாத்துக்கிட்டே இருந்தேன். அன்னைலேர்ந்து அது மச்சான்கிட்டப் பேசல. எனக்கு மட்டும் சோறாக்கப் புதுச் சட்டி குடுத்துச்சு. அத எழுதுனது நீங்களா அக்கா?"

"தண்ணி இனிச்சுச்சா?" என்று கேட்டேன்.

"எனக்குத் தெரியல. எந்நேரமும் அழுதுக்கிட்டே இருந்தேன். எல்லாம் உப்பாத்தான் இருந்துச்சு."

அந்த வாரமே பள்ளிக்கூடத்துக்குப் போய் சிஸ்டரைப் பார்த்தேன். சின்ன வகுப்புகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக் கொடுக்க ஆள் வேண்டியிருந்தது. விடுதியில் பிள்ளைகளோடு தங்கிக்கொள்ளலாம் என்றார். வீட்டில் சொன்னபோது யாரும் தடுக்கவில்லை. நான் தகரப் பெட்டியோடு கிளம்பியதும் மாமியார் வாசலில் அதைத் திறக்கச் சொன்னார். ஒவ்வொரு சேலையாக உதறிப் பார்த்தார். உள்பாவாடையையும் உதறினார். தெருவில் ஆள் போய்க்கொண்டிருந்தது. அந்தப் பெண் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "பாத்துக்க," என்று அவளிடம் சொன்னார் மாமியார். "பெக்காதவ இப்படித்தான் போவா." தலாக் செய்தியை ஜமாஅத் ஆள் ஒருவர் பள்ளிக்கூட வாசலில் வந்து சொல்லிவிட்டுப் போனார்.

அந்தப் பெண்ணுக்கும் பிள்ளை பிறக்கவில்லை. பேகம்பூர்ப் பிள்ளைகள் என் வகுப்பில் படித்தார்கள். அவர்கள் மூலமாக எல்லாம் காதில் விழும். மதுரையில் பெரிய டாக்டரிடம் அவளைக் காட்டினார்கள். அவளிடம் குறை இல்லை, புருஷனைக் கூட்டி வாருங்கள் என்றாராம் டாக்டர். அந்த டாக்டரிடம் போவதை நிறுத்திவிட்டார்கள். எனக்கு நடந்ததுபோலவே அவளைப் பின்கட்டுக்கு மாற்றினார்கள். பிறகு வடமதுரைக்கே கொண்டுபோய் விட்டுவிட்டார்கள். பழனிப் பக்கம் பெண் பார்த்து மூன்றாவது நிக்காஹ் நடந்தது. கோர்தோபா கம்பெனி தோல் எடுப்பதை முதல் வருஷத்தோடு நிறுத்திக்கொண்டது. காரணம் எனக்குத் தெரியாது. கிழவிக்கும் அதற்கும் சம்பந்தம் இருக்காது. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று சில நாள் தோன்றும்.

பல வருஷம் கழித்து என் வீட்டுக்காரராக இருந்தவர் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். ஆசிரியர்கள் அறையில் உட்கார வைத்திருந்தார்கள். முடி நரைத்திருந்தது. என்னைக் கண்டதும் எழுந்து நின்றார். மடித்த ஒரு கடிதத்தை நீட்டினார்.

"இத்தாலியிலேர்ந்து ஒரு பார்ட்டி கேட்டிருக்காக," என்றார். "செத்த நேரம் ஒதுக்கி ஒரு பதில் எழுதித் தாரியா? ஒன்னைய மாதிரி எழுத ஆள் கெடைக்கல."

நான் கடிதத்தை வாங்கவில்லை. "அந்தப் புள்ள எப்படி இருக்கா?" என்று கேட்டேன்.

"யாரு?" என்றார்.

நடிக்கவில்லை. யாரைக் கேட்கிறேன் என்று அவருக்கு உண்மையாகவே தெரியவில்லை. நெற்றியைச் சுருக்கி யோசித்துப் பார்த்தார். மூன்றாம் வகுப்புக்கு மணி அடித்தது. நான் சாக்பீஸை எடுத்துக்கொண்டு போனேன். ஜன்னல் வழியாகப் பார்த்தபோது கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அலுவலகத்து எழுத்தரிடம் ஏதோ கேட்டுக்கொண்டு நின்றார்.